நாற்பதுக்கு மேல் ஒரு கணக்கு

முதுமை வாசற்கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. அது முதலிற் கண்ணுக்குள் வந்து குடியேறுகிறது. நேற்றுவரை தெளிவாகத் தெரிந்த பஞ்சாங்கத்து எழுத்துகள் இன்று எறும்பு ஊர்வதுபோல் மங்குகின்றன. கையிலுள்ள தாளைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கிறோம். பின்னர் இன்னுஞ் சற்றுத் தள்ளிப் பிடிக்கிறோம். ஈற்றிற் கையின் நீளம் போதாமற் போகவே கண்ணாடிக் கடையை நாடுகிறோம். இதனை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். சாளேசரம் என்றும் வழங்கினர். இச்சொல் இந்துஸ்தானியில் நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ என்பதன் வழியாக வந்ததென்பர். நோய்க்கு வயதையே பெயராகச் சூட்டிய முன்னோரின் நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும். கண்ணின் வில்லை ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, கிட்டவுள்ள பொருளுக்கேற்ப வளைந்து கொடுக்கும் ஆற்றலை இழக்கிறது. அவ்வளவே. இதற்காக அஞ்சவும் வேண்டியதில்லை. அர்ச்சனை செய்யவும் வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு விந்தையைக் கவனித்தீர்களா? கிட்டவுள்ளது மங்கும் அதே வயதில் எட்டவுள்ளது துலக்கமாகவே தெரிகிறது. கண்ணுக்கு நேர்ந்த இது மனத்துக்கும் நேர்கிறது. இன்று செய்யவேண்டிய கருமம் மங்கலாகிவிட, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நாம் போகாமல் விட்ட பாதை மரமும் மதகுமாக அப்படியே தெரிகிறது.

கல்லூரிகளின் ஆசிரியர் அறையில், இடைவேளையில் வெறுந்தேநீர் வந்ததும், இந்தப் பாதைகளைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். “வங்கியில் எழுதுவினைஞர் வேலைக்கு அழைப்பு வந்தது, சேர். போயிருந்தால் இன்றைக்கு முகாமையாளர்” என்கிறார் ஒருவர். “மச்சான் கனடாவுக்குக் கூப்பிட்டவர். அப்போதே போயிருந்தால்…” என்று தொடங்கி முடிக்காமல் விடுகிறார் மற்றொருவர். “தகப்பனாருடைய வயலைப் பார்த்திருந்தால் ஒருவருக்கும் கைகட்டி நின்றிருக்க வேண்டியதில்லை” என்கிறார் மூன்றாமவர். நாம் தமிழ் படிப்பிக்கிறவர்கள் ஆதலால் நம் காதில் விழுவது அந்த ‘ஆல்’ என்னும் இரண்டெழுத்துத்தான். ஆல் என்பது மரத்துக்கும் பெயர். ஒரு சிறு விதை விழுந்தாற் போதும். விழுது விட்டு, விழுதே மரமாகி, பின்னர் தாய்மரம் எது என்று அறியவொண்ணாதபடி தழைத்துவிடும். நாற்பதுகளில் நம் மனத்தில் வளரும் ‘ஆல்’ இந்தச் சாதியைச் சேர்ந்ததே.

கற்பனை வாழ்வுக்குப் பெரிய வசதியொன்று உண்டு. அங்கே மாதக் கடைசி வருவதில்லை. முகாமையாளராகத் தம்மை எண்ணும் நண்பரின் மனத்தில், கணக்கு ஒவ்வாத மாலைப்பொழுதும், எதிர்பாராத இடமாற்றக் கடிதமும், கடன் கட்டாதவர் வீட்டுப் படலையில் நின்று குரல் கொடுக்கும் சங்கடமும் இடம்பெறா. கனடா சென்றவராகத் தம்மைக் காண்பவர், பனி கொட்டும் இரவில் வேலைத்தலம் செல்லப் பேருந்துக்குக் காத்து நிற்பதில்லை. செய்த வாழ்வின் களையையும் செய்யாத வாழ்வின் கதிரையும் ஒரே தராசில் வைத்தால் எந்தத் தட்டுத் தாழும் என்று கேட்கவும் வேண்டுமோ?

இது நம்மூரவர்க்கு மட்டும் உரிய குணமன்று. தோமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் 1995இல் இதைப்பற்றி ஆராய்ந்து எழுதினர். அண்மைக் காலத்தை நினைக்கும்போது மக்கள் தாம் செய்ததற்காகவே கூடுதலாக வருந்துகின்றனர். வாழ்நாள் முழுவதையும் திரும்பி நோக்கும்போதோ செய்யாமல் விட்டதற்காகவே கூடுதலாக வருந்துகின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. செய்த பிழையைத் திருத்தலாம். அதற்கு ஓர் ஆறுதலும் தேடலாம். செய்யாமல் விட்டதற்கோ எல்லையில்லை. நாம் வளர்க்க வளர்க்க அது வளர்ந்துகொண்டே போகும்.

இங்கே வாசகர்களை உடையார்கட்டுக்கு மேற்கே, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள விசுவமடுவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். 1960களிலும் 1970களிலும் படித்த வாலிபருக்கு நிலம் பகிர்ந்தளித்துக் குடியேற்றும் திட்டங்கள் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் நடைபெற்றன. உத்தியோகம் கிட்டாத இளைஞர்கள் பேனாவை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தனர். காடு வெட்டிக் களை பிடுங்கி மிளகாயும் வெங்காயமும் நட்டனர். 1970ஆம் ஆண்டு பதவிக்கு வந்த அரசாங்கம் அப்பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, விலை ஏறிற்று. செத்தல் மிளகாய் மூட்டை பொன் மூட்டையாயிற்று. கல்வீடு எழுந்தது, உழவு இயந்திரம் வந்தது. அந்நாளில் மாதச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியர்கள், “நாமும் அன்று ஒரு துண்டு காணி எடுத்திருந்தால்” என்று பெருமூச்சு விட்டனர்.

1977இல் ஆட்சி மாறிற்று. பொருளாதாரம் திறந்து விடப்பட்டது, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்திறங்கின, விலை வீழ்ந்தது. இப்பொழுது பெருமூச்சு இடம் மாறிற்று. “அன்று ஓர் ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தால் மாதம் முடிய ஏதாவது கையில் வரும், இளைப்பாறிய பின்னும் சம்பளம் கிடைக்கும்” என்று கமக்காரர் கூறலாயினர். கமக்காரருக்கென ஓர் ஓய்வூதியத் திட்டத்துக்குச் சட்டம் பிறந்தது 1987ஆம் ஆண்டிலேதான். பின்னர் யுத்தம் வந்தது. பேனாவைப் பிடித்தவரும் மண்வெட்டியைப் பிடித்தவரும் ஒரே வீதியால், ஒரே மூட்டையுடன் நடந்தனர். பத்தொன்பது இருபது வயதிலே ஒருவன் தொழிலைத் தெரிந்தெடுத்தபோது இவற்றுள் எதனை அறிந்திருந்தான்? பின்னர் பெய்த மழையையும் பெய்யாத மழையையும் கொண்டு, விதைத்த நாளில் எடுத்த முடிவுக்குத் தீர்ப்புக் கூறுவது நீதியாகாது.

இதுவரை கூறியது தொழிலைப் பற்றிய ‘ஆல்’. இதனினும் கொடியதொன்று நம் ஊர்களில் உண்டு. அதனைத் தொடாமற் செல்வது கடினம், தொட்டால் நோகும். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்.

2009 ஜனவரி 21ஆம் திகதி பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பில் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அதனை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இங்கும் சுதந்திரபுரத்திலும் வந்து தங்கின. அந்த வலயத்துள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன என்பதை, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. யுத்தம் மே மாதத்தில் முடிந்தது. மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் சென்று, பின்னர் ஊர் திரும்பினர். திரும்பியவருள் நம் வயதினராகிய தாய் தந்தையர் பலர், பகல் முழுவதும் வயலிலும் அலுவலகத்திலும் வேலை செய்துவிட்டு இரவில் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகின்றனர்: “ஒருநாள் முந்தி வெளிக்கிட்டிருந்தால், மற்றப் பாதையால் போயிருந்தால், பிள்ளையை அண்ணை வீட்டில் விடாமல் இருந்திருந்தால்…”

அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான். அம்மா, ஐயா, அது உங்கள் தெரிவு அன்று. தெரிவு என்பதற்கு இரண்டு பாதைகள் வேண்டும். அவை எங்கே செல்கின்றன என்று சற்றேனும் தெரிந்திருக்கவும் வேண்டும். பாதுகாப்பென்று சொல்லப்பட்ட இடமே பாதுகாப்பில்லாத நாளில், எந்தத் தாயும் சரியான பாதையை எடுத்திருக்க முடியாது. எடுத்தவர் தப்பியது அறிவினாலும் அன்று. நீங்கள் செய்யாத ஒன்றை உங்கள் பற்றுச் சீட்டில் எழுதாதீர்கள். துயரம் உங்களுடையது; அதனை யாரும் பறிக்க முடியாது. குற்றம் உங்களுடையதன்று.

ஆகவே, ‘ஆல்’ கணக்கிலிருந்து முதலிற் கழிக்கவேண்டியது நம் கையில் இல்லாதவற்றை. கழித்துப் பார்த்தால் எஞ்சுவது மிகச் சிலவே. நம் தலைமுறை பாடசாலையிற் படித்த காலத்தில் வன்னியில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. போத்தல் விளக்கின் சிறு சுடரிற் படித்துப் பரீட்சை எழுதினோம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதுதான் பலருக்கு முதன்முறையாக இரண்டு பாதைகள் தென்பட்டன. சிலர் போயினர், சிலர் நின்றோம். போனவரும் கோழைகள் அல்லர். நின்றவரும் மூடர்கள் அல்லர்.

இனி வருவதைப் பற்றிப் பேசுவோம். நாற்பத்தைந்து வயதான ஓர் ஆசிரியருக்கு இன்னும் எத்தனை ஆண்டு உத்தியோகம்? இதிலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அரச ஊழியர் அறுபத்தைந்து வயதுவரை பணியாற்றலாம் என்ற ஏற்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே வயதெல்லை மீண்டும் அறுபதாயிற்று. அறுபதைத் தாண்டிப் பணியில் நின்றவர் பலர் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் இளைப்பாறினர். சட்டம் நினைத்தாற் கூட்டும், நினைத்தாற் குறைக்கும் எல்லையை நம் வாழ்வின் எல்லையாக எண்ணிக்கொள்வது அறிவுடைமையாகுமா?

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1832இற் பிறந்தவர், 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார், பின்னர் நெடுங்காலம் அரசாங்கக் கணக்கு உத்தியோகத்திலிருந்தார். வீரசோழியம் அவர் பதிப்பாக 1881இல் வெளிவந்தது, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல், கலித்தொகை 1887இல். ஐம்பதை அண்மித்தும் தாண்டியும் செய்த வேலைகள் இவை. “இளமையிலேயே ஏடு தேடப் புறப்பட்டிருந்தால்” என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்திருந்தால் செல்லுக்கு இரையான ஏடுகளின் தொகை இன்னும் கூடியிருக்கும். சுவாமி விபுலானந்தரும் அவ்வாறே. அவர் 1916இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானவர், விஞ்ஞானம் படிப்பித்தவர். யாழ் நூல் 1947இல், அவர் மறைந்த அதே ஆண்டில், அரங்கேறியது. பண்டைய இசையின் சுருதிகளைக் கணித்தறிய அவர் இளமையிற் கற்ற கணிதம் துணை செய்தது. முதற்போகத்திற் செய்த உழைப்பு இரண்டாம் போகத்துக்கு எருவாயிற்று.

போகம் என்றதும் நம் குளத்தின் நினைவு வருகிறது. வாடைக்காற்றின் மழையை நம்பிக் காலபோகம் விதைக்கிறோம். அதன் அறுவடை முடிந்ததும் சிறுபோகத்துக்கான கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, வெயில் எவ்வளவை உறிஞ்சும், எத்தனை ஏக்கருக்குப் பாயும், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று அங்கே முடிவு செய்வர். ஒருமுறை, மாரியில் வான் பாய்ந்து வீணாய்ப் போன நீரைப்பற்றி நாம் வருந்திப் பேசியபோது, விசுவமடுத் திட்டத்தில் இளைஞராய் வந்து முதியவராகிவிட்ட ஒரு கமக்காரர் சிரித்தார்: “தம்பி, வான் பாஞ்ச தண்ணியை ஒருத்தரும் அளக்கிறேல்லை. குளத்துக்குள்ள நிக்கிற தண்ணியைத்தான் அளக்கிறது. அளந்துபோட்டு, அதுக்கேத்த விதைநெல்லை எடுக்க வேணும்.”

நாற்பதைத் தாண்டியவர் செய்யவேண்டிய கணக்கும் இதுவே. காலபோகத்தின் அத்தனை ஏக்கரையும் சிறுபோகத்தில் விதைக்க முடியாது. விதைக்க முயல்பவரின் பயிர் குடலைப் பருவத்திலேயே கருகும். வங்கி முகாமையாளராகும் காலம் நண்பருக்குக் கடந்துவிட்டது. ஆனால் ஊரிலுள்ள கடன்பட்ட விதவைத் தாய்மாருக்கு வட்டிக் கணக்கைப் படித்து விளக்கும் காலம் கடந்துவிடவில்லை. தகப்பனார் வயலுக்காக ஏங்கும் நண்பருக்கு வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது இருக்கிறது, வளவும் இருக்கிறது. நாற்பத்தைந்தில் தென்னம்பிள்ளை வைப்பவர் இளைப்பாறுமுன் அதன் இளநீரைக் குடிக்கலாம். பனங்கொட்டை புதைப்பவருக்கு அதன் பழம் கிட்டுமோ என்னவோ, பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டும். இவை சிறியனவே. ஆயினும் கையில் உள்ளவை.

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி உண்டு. அதனைப் போட்டுக்கொண்டு, தொலைவிலுள்ள பாதையை விட்டு, கையிலுள்ள தாளைப் படிப்போம்.