ஸ்பிரிங் நடுவுல ரப்பரைத் திணிக்காதீங்க: கம்மி பட்ஜெட் சஸ்பென்ஷன் த்ரெட்

1. "கார் ரொம்பத் தூக்கிப் போடுது டாக்டர், கம்மி காசுல சஸ்பென்ஷன் அப்கிரேட் பண்ணப் போறேன்." போன வாரம் நைட் டூட்டியில எங்க லேப் டெக்னீசியன் தம்பி சொன்னார். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவுல மாட்டுற ரப்பர் பஃபரை ஆர்டரும் போட்டுட்டாராம். அந்தக் கோபத்துல எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2. நானும் இதே தப்பைச் செஞ்சவன்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துல போஸ்டிங், பழைய செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக், தினமும் கிராமத்து ரோடு. ஒரு கடையில இந்த ரப்பரை மாட்டிவிட்டாங்க. கார் லேசா உயர்ந்துச்சு, எனக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு மழை நாள், குண்டும் குழியுமான வளைவுல பின்பக்கம் குதிச்சு வழுக்கி எதிர்ப்பக்கம் போயிட்டேன். அந்த நேரம் எதிர்ல லாரி வரல. அவ்வளவுதான் வித்தியாசம்.

3. ஸ்பிரிங் வண்டியோட எடையைத் தாங்குது. ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்தை அடக்குறது ஷாக் அப்சார்பர். ரெண்டுக்கும் வேலை வேற. ரப்பரைத் திணிச்சா ஸ்பிரிங் இறுகும், மிச்ச சுருள்மேல பாரம் ஏறும். என் வண்டியில செத்துப்போயிருந்தது ஷாக். இறுகின ஸ்பிரிங்கை செத்த ஷாக் எப்படிங்க அடக்கும்?

4. என்ன காய்ச்சல்னு பாக்காம ஸ்டீராய்டு ஊசி போடுற மாதிரிதான் இது. அன்னைக்கு சாயங்காலம் நல்லாத்தான் இருக்கும்.

5. இதைவிட மோசம், ரீல்ஸ் பாத்து ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துறது. வெட்டின ஸ்பிரிங் இறுகும், ஷாக் அசைய இடம் குறையும், வீல் கீழ தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டே நகரலாம். லைக் உங்களுக்கு. எலும்பு முறிவு எங்க கேஷுவாலிட்டிக்கு.

6. "காசு இருக்கவன் பேசுவான் சார்." இல்லைங்க. காசு கம்மியா இருக்கவங்களுக்குத்தான் சொல்றேன். உங்களுக்குத் தேவை அப்கிரேட் இல்ல, தேஞ்சதை மாத்துறது. இந்த வரிசையில போங்க:

அ) டயர் காத்து. டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்க அளவுதான் சரி. அப்படியே டயர் வயசையும் பாருங்க. பக்கவாட்டுல 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது.

ஆ) சின்னப் பள்ளத்துல 'டக் டக்'னு சத்தமா? லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் பாக்கச் சொல்லுங்க. ஷாக்கை விட இவை செலவு கம்மி.

இ) ஷாக்ல எண்ணெய் கசிவு இருக்கா? கார் மூலையை அமுக்கி விட்டா நிக்காம ஆடுதா? மாத்துங்க. ஒண்ணை மட்டும் இல்ல, ஜோடியா. காசு பத்தலையா, இந்த மாசம் முன்னாடி, அடுத்து பின்னாடி.

ஈ) கடைசியா வீல் அலைன்மெண்ட். இதை விட்டா புது டயரும் தேயும்.

7. மெக்கானிக் பக்கத்துல நின்னு ஒண்ணு மட்டும் கவனிங்க. ஆர்ம் புஷ் போல்ட்டைக் கடைசியா இறுக்கும்போது வண்டியோட எடை வீல்மேல இருக்கணும். அந்தரத்துல தொங்கவிட்டு இறுக்கினா, கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் "டூப்ளிகேட் பார்ட்"னு கடைக்காரரைத் திட்டுவீங்க.

8. தம்பி வண்டிக்கு வர்றேன். காலையில டூட்டி முடிஞ்சு பார்க்கிங்ல காத்து செக் பண்ணோம். ஸ்டிக்கர்ல 33 பிஎஸ்ஐ. டயர்ல 44! மைலேஜ் வரும்னு யாரோ சொன்னாங்களாம். இறக்கிட்டு ஒரு ரவுண்டு போனோம். "டாக்டர், இது வேற வண்டி மாதிரி இருக்கு"ன்னார்.

செலவு பூஜ்யம். ரப்பர் ஆர்டரை அங்கேயே கேன்சல் பண்ண வெச்சேன். உங்க ஃப்ரெண்ட் யாராவது ஆர்டர் போட்டிருந்தா, இதை அனுப்பிக் கேன்சல் பண்ண வைங்க.