டிஜே பழகுபவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

கொச்சியில் டிஜே பழக விரும்பும் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: கிளப்பில் எது இருக்கிறதோ அதையே வாங்கு, அதில் ஓடும் மென்பொருளையே பழகு. நியாயமாகத் தோன்றும் இந்த அறிவுரை, கேட்கப்பட்ட கேள்விக்கு விடை அன்று. மாணவர் கேட்டது எதைக் கொண்டு கற்பது என்பதை. அவருக்குச் சொல்லப்படுவதோ எங்கே வேலை கிடைக்கும் என்பது. இந்தக் குழப்பத்தின் விலையாக ஒரு புதிய மடிக்கணினிக்கான கடனும் ஒரு கன்ட்ரோலருக்கான மாதத் தவணையும் வந்து சேர்கின்றன. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. மட்டாஞ்சேரியை முன்வைத்துப் பார்த்தால் அது புலப்படும்.

கிளப்புத் தரம் என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று. ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் எஸ்எல்-1200 என்னும் இசைத்தட்டுச் சுழலியை வெளியிட்டபோது, அது வீட்டில் அமர்ந்து இசை கேட்போருக்கான கருவி. மோட்டார் தட்டை நேரடியாகச் சுழற்றியதால் கையால் நிறுத்தினாலும் பின்னே இழுத்தாலும் அது உடனே வேகம் பிடித்தது. அந்தக் குணத்தைக் கண்டுகொண்டவர்கள் டிஜேக்கள்தாம். 1979இல் வந்த எம்கே2 வகையில் வேகத்தை 8 விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் நீண்ட நழுவுகுமிழ் ஒன்று சேர்ந்தது. 2001இல் பயனியரின் சிடிஜே-1000 அந்தச் சுழலியைக் குறுந்தகட்டுக்கு மாற்றியது. பின்னர் அதே நிறுவனத்தின் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருள் பாடல்களை முன்கூட்டியே அலசி அடுக்கி வைக்கும் வேலையை ஏற்றது. இன்று கிளப்பு மேடையில் நிற்கும் ஒரு ஜோடி சிடிஜேயும் மிக்சரும் பல லட்சம் ரூபாய் பெறும். அதை வாங்குபவர் கிளப்பின் முதலாளி. பழகுபவர் வாங்குவதற்கென்று எவரும் அதைச் செய்யவில்லை.

மட்டாஞ்சேரியின் கதை வேறு. குஜராத்தி, கொங்கணி, கச்சி, தக்கினி, தமிழ், மலையாளம் எல்லாம் சில தெருக்களுக்குள் நெருங்கி வாழும் ஊர் அது. அதன் இசை, மாடியறைகளில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து விடியும்வரை நடந்த மெஹ்ஃபில்களில் வளர்ந்தது. 'நீலக்குயில்' (1954) படத்தில் கே. ராகவனின் இசையில் பாடிய மெஹபூப் அந்த அறைகளின் பாடகர். அவருக்குத் தபலா வாசித்து வளர்ந்த உம்பாயி பின்னாளில் மலையாள கஜலின் முகமானார். வளைகுடாவுக்குச் சென்றவர்கள் டேப் ரிக்கார்டர்களைக் கொண்டுவந்தபோது இந்த இசை கேசட்டுகளில் ஏறி வீடுவீடாகப் புகுந்தது. ஆகவே அங்கே ஒரு மாணவரின் வன்தட்டைத் திறந்தால் நடன இசை மட்டும் இராது. தந்தையின் கேசட்டிலிருந்து மாற்றிய கஜல், மாப்பிளப் பாட்டு, இளையராஜா, பழைய இந்திப் பாடல் என்று பலவும் இருக்கும்.

இந்தத் தொகுப்பை இன்றைய டிஜே மென்பொருளில் ஏற்றினால் நடப்பது கவனிக்கத்தக்கது. மென்பொருள் ஒவ்வொரு பாட்டையும் அலசி, நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று ஒரு பிபிஎம் எண்ணைத் தரும். பாட்டின் மீது சம இடைவெளியில் கோடுகளை வரையும். பீட்கிரிட் எனப்படும் இந்தக் கட்டத்தை நம்பித்தான் 'சிங்க்' பொத்தான் இயங்குகிறது. கணினியால் ஆக்கப்பட்ட நடன இசைக்கு இது அச்சாகப் பொருந்தும். அந்த இசை பிறந்ததே அப்படியொரு கட்டத்துக்குள்தான். 1954இன் பாட்டோ கலைஞர்கள் ஒன்றாகக் கூடி வாசித்துப் பதிந்தது. சரணத்தில் சற்றே விரைந்து பல்லவிக்குத் திரும்புகையில் தணிவது அங்கே பிழையன்று. அதுவே பாட்டின் மூச்சு. கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டென்றால், ஓடிய இயந்திரத்தின் வேகக் கோளாறும் அதில் சேர்ந்திருக்கும். இத்தகைய பாடல்களில் சிங்க் பொத்தானை அழுத்தினால் முதல் சில நொடிகள் கூடிவரும். பிறகு குதிரைக்குளம்பு போல் இரட்டைத் தட்டு கேட்கும்.

தாளத்தின் எண்ணிக்கையும் இடறுகிறது. ரெக்கார்ட்பாக்ஸ் தட்டுகளை நான்கு நான்காக எண்ணி முதல் தட்டைச் சிவப்பில் காட்டும். திஸ்ர நடையில் துள்ளும் பாட்டுக்கு இத்தகைய கணக்கு ஒத்துவராது. வேகத்தை ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டு பங்காகவோ தவறாகப் படிப்பதும் உண்டு. கர்நாடக இசை பயில்வோர் எடுப்பு என்று ஒன்றைப் பேசுவார்கள். பாட்டு தாளத்தோடு தொடங்கலாம், தாளத்துக்கு முன்னரோ பின்னரோ தொடங்கலாம். திரைப்பாடல்களிலும் இது இயல்பாக வரும். காதுக்கு இது சிக்கலே அன்று. முதல் ஓசையை முதல் தட்டாகக் கொள்ளும் மென்பொருளுக்கு அது புதிர்.

இழப்பு இங்கேதான் நேர்கிறது. பழகத் தொடங்கிய மாணவர் குறை தமது பாட்டில் இருப்பதாக முடிவு செய்கிறார். கட்டத்தில் உட்காராத மெஹபூப் பட்டியலிலிருந்து நீங்குகிறார். மாப்பிளப் பாட்டு நீங்குகிறது. 124க்கும் 128க்கும் இடைப்பட்ட பிபிஎம் கொண்ட, எந்த ஊரிலும் ஒலிக்கக்கூடிய இசை மட்டும் எஞ்சுகிறது. இன்ன பாட்டைப் போடாதே என்று எவரும் தடை விதிக்கவில்லை; கருவியின் இயல்பான அமைப்பே அந்த வேலையைச் செய்துவிட்டது. பண்பாட்டு ஆய்வில் உழைப்போர் ஆவணக் காப்பகங்களின் விடுபடல்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். ஒரு பொத்தானின் விடுபடல்களும் அந்த அளவு கவனத்துக்கு உரியவை.

எனவே மென்பொருளைத் தேர்வதற்கு இரண்டு கேள்விகள் போதும். பாட்டு யாருடைய கையில் இருக்கிறது? கட்டம் தவறானால் அதைத் திருத்தப் பழகுபவருக்கு வழியுண்டா?

முதல் கேள்விக்கு 2020ஆம் ஆண்டே ஒரு பாடம். அதுவரை சில டிஜே செயலிகளில் ஸ்பாட்டிஃபை பாடல்களை நேரடியாக இழுத்துக் கலக்க முடிந்தது. அவ்வாண்டு அந்நிறுவனம் அந்த வழியை அடைத்தது. அதை நம்பிப் பட்டியல் அமைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். பின்னர் வழி திறந்ததா என்பது இங்கே முக்கியமன்று. திறப்பதும் அடைப்பதும் பிறர் கையில் இருக்கும் இசையை வைத்துக்கொண்டு கற்பது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவதை ஒக்கும். கோப்பாகத் தம்மிடம் இருக்கும் பாடல்களோடு தொடங்குவதே முறை.

இரண்டாம் கேள்விக்கு விடையாக, ஆய்வு மாணவர்களுக்கு உவப்பான வரலாறு கொண்ட ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் 'மிக்ஸ்'; ஆங்கிலத்தில் இறுதியில் மூன்று எக்ஸ் இட்டு எழுதுவார்கள். டென்மார்க்கில் டூ ஹாஸ்டே ஆண்டர்சன் தமது முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாக 2001இல் தொடங்கிய பணி அது. பின்னர் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். கட்டற்ற மென்பொருள் என்பதால் விலை இல்லை, மாதச் சந்தா இல்லை. கட்டத்தைக் கையால் நகர்த்தலாம். திஸ்ரப் பாட்டின் வேகம் தவறாகப் படிக்கப்பட்டால் அதை மூன்றில் இரண்டாகவோ ஒன்றரை மடங்காகவோ மாற்ற நேரடிக் கட்டளைகளே உள்ளன. யாரோ ஒருவருக்கும் இதே இடறல் நேர்ந்திருக்கிறது போலும்.

கேரளத்துக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. அம்மாநிலத்தின் பள்ளிக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளின் மீது கட்டப்பட்டது; கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் பயின்றே பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்கள் டிஜே பழக வந்ததும் எதிர்ப்படும் ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, ட்ராக்டர் மூன்றும் லினக்ஸில் ஓடுபவை அல்ல. பத்தாண்டுப் பழக்கத்தைத் துறந்து புதுக் கணினி வாங்கு என்று சொல்வதற்கு முன், பழைய மடிக்கணினியில் மிக்ஸை நிறுவிப் பார்க்கச் சொல்வதே பொறுப்பான ஆசிரியரின் செயல்.

கருவி விஷயத்தில் தவிர்க்கவே முடியாதது ஒன்று உண்டு. கூடத்தில் ஒரு பாட்டு ஒலிக்கையில் அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்க வேண்டும். இதற்குக் கணினியிலிருந்து இரண்டு தனி ஒலிவழிகள் வேண்டும். கன்ட்ரோலர் வாங்கும் வசதி இல்லாதவர் மடிக்கணினியின் சொந்த ஒலித்துளையை ஒலிபெருக்கிக்கும், சிறு யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை ஹெட்போனுக்கும் ஒதுக்கினால் மிக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும். ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத்தில் ஒலி தாமதித்து வரும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டின் நீளம் 500 மில்லிநொடி. அதில் 150 மில்லிநொடி பிந்தினால் தாளம் சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதுதான்.

கன்ட்ரோலர் வாங்குவதென்றால் விளக்குகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியதில்லை. வேக நழுவுகுமிழ் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். நீளமானதில்தான் நுண்ணிய மாற்றம் கைவரும். யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறுவதாக இருந்தால் மின்தடையிலும் பயிற்சி நிற்காது. கடலோர ஊரில் உப்புக்காற்று நழுவுகுமிழ்களின் தொடுபுள்ளிகளை அரிக்கும் என்பதால், பழைய கருவியை வாங்குபவர் ஒவ்வொரு குமிழையும் மெல்ல நகர்த்திக் கரகரப்பு எழுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது நலம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது வணிகக் காணொளிகள் சொல்லாதது: சில மாதங்களுக்குச் சிங்க் பொத்தானைத் தொடாதிருத்தல். ஒரு பாட்டு 96, மற்றது 100 என்றால் முதலாவதை ஏறத்தாழ 4.2 விழுக்காடு விரைவுபடுத்த வேண்டும். அந்த எண்ணைத் திரையில் பாராமல் காதால் எட்ட வேண்டும். சுருதியை மாறாமல் பூட்டிவைக்கும் வசதியையும் அணைத்துவிடலாம். வேகத்தை 6 விழுக்காடு கூட்டினால் பாட்டு ஏறக்குறைய அரைச்சுரம் உயர்வதைக் காது உணரும். பாட்டுக்குப் பாட்டு தபலாவைச் சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்த்த ஊரில் இது அந்நியமான பயிற்சி அன்று.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். எர்ணாகுளத்து விடுதியில் வாசிக்க அழைப்பு வந்தால் அங்கே நிற்பது சிடிஜேதானே? உண்மை. ஆனால் ரெக்கார்ட்பாக்ஸில் பாடல்களை அடுக்கி யுஎஸ்பியில் ஏற்றும் வசதி கட்டணமின்றியே கிடைக்கிறது. அதைக் கற்க ஒரு வாரம் போதும். காது பழகாதவருக்கோ அந்த மேடை ஓராண்டு ஆனாலும் வசப்படாது. தமிழ்நாட்டின் மைக்செட்காரரை எண்ணிப் பார்க்கலாம். டிஜே என்ற சொல் ஊருக்குள் வருமுன்பே அவர் அந்த வேலையைச் செய்தார். விடியலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, பந்தி நேரத்துக்கு ஒன்று என்று கூட்டத்தின் மனநிலையை அறிந்து தட்டு மாற்றியவர். அவரிடம் இருந்த கருவி எளியது, பாட்டறிவு பெரியது.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு சான்று நிகழ்ந்தது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி–முசிறி பினாலே தொடங்கியபோது ஃபோர்ட் கொச்சியில் மேடையேறியவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். இலண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த தமிழர். அவர் டிஜே அல்லர்; பாட்டு ஆக்குபவர். ஆயினும் அவருடைய தொடக்கம் இங்கே பொருந்தும். முறையான இசைப்பயிற்சி இன்றி, ரோலண்ட் எம்சி-505 என்னும் ஒரே தாளப் பெட்டி, பழைய நான்குதட நாடாப் பதிவி, ஒரு ஒலிவாங்கி ஆகியவற்றைக் கொண்டு தம் முதல் மாதிரிப் பாடல்களை அவர் செய்தார். அவற்றிலிருந்து வளர்ந்ததே 2005இன் 'அருளர்' தொகுப்பு. அந்தப் பெட்டி 1998இல் வந்தது; அவர் கைக்கு வந்தபோது புதுமை தீர்ந்த பொருள். முழுமையான ஒலிப்பதிவுக் கூடத்துக்காக அவர் காத்திருக்கவில்லை.

கல்லூரிகள் இதில் செய்யக்கூடியது எளிது. ஆண்டுவிழாவின் ஓர் இரவுக்கு ஒலி–ஒளி வாடகையாகத் தரும் தொகையில் ஒரு பகுதி பெரும்பாலும் போதும். நூலகத்தில் லினக்ஸும் மிக்ஸும் நிறுவிய ஒரு மடிக்கணினி, நடுத்தர விலைக் கன்ட்ரோலர் ஒன்று, கம்பியுள்ள ஹெட்போன் இரண்டு. கூடவே, மாணவர் தம் வீட்டுக் கேசட்டுகளைக் கோப்பாக மாற்றிச் சேர்க்க ஒரு வன்தட்டு. அதன் பதிவேட்டில் பாட்டு, பாடகர், யார் வீட்டுக் கேசட்டு என்பவற்றோடு, நாடாவின் வேகம் சரிபார்க்கப்பட்டதா என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.