இருபது அடியில் சுவையான குடிநீர்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரித்தால் நடுவிலிருந்து ஒரு வழவழப்பான தாள் விழும். தாம்பரத்துக்காரர்களுக்கு அதன் வாசகம் மனப்பாடம். "தாம்பரத்திலிருந்து 10 நிமிடம். சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு. 20 அடியில் சுவையான குடிநீர். வெள்ள பாதிப்பு இல்லாத பகுதி. உடனே வீடு கட்டிக் குடியேறலாம்." நகரின் பெயர் மாறும், ஊர் மாறும், நுழைவாயில் ஆர்ச்சின் நிறம் மாறும். இந்த வரிகள் மட்டும் மாறுவதே இல்லை. வாடகை கட்டி மாளாமல் மாம்பலத்திலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் தெற்கே நகர நினைக்கிற குடும்பம், பி.எஃப். பணத்தையும் நகை விற்ற பணத்தையும் இந்த வரிகளை நம்பித்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறது. எங்கே குடியேறலாம் என்று யாரைக் கேட்டாலும் இதையேதான் பாடம் ஒப்பிக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் படித்துப் படித்து ஆத்திரம்தான் ஏறியிருக்கிறது. வரிவரியாக எடுத்துப் பேசிவிடுவது நல்லது.

முதலில் அந்தப் பத்து நிமிடம். விடியற்காலை நான்கு மணிக்கு, தெருவில் ஆளில்லாத நேரத்தில் காரில் போனால் வேண்டுமானால் அது சரியாக இருக்கலாம். காலை எட்டரைக்கு முடிச்சூர் சாலையில் ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். அப்படியே ரயிலடிக்கு வந்துவிட்டாலும் அலுவலகம் தாம்பரத்திலா இருக்கிறது? கிண்டிக்கோ பூங்கா நிலையத்துக்கோ போகிற பயணம் அங்கேதான் தொடங்குகிறது. 1931-லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரின் மதிப்பு அந்தத் தண்டவாளத்தால் வந்தது. அதை ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வயல்காட்டுக்கும் ஒட்டவைத்து விற்கிறார்கள். கிளாம்பாக்கம் கதையும் இதேதான். பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது பக்கத்தில் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோ வருகிறது, வருகிறது என்று சொல்லியே எத்தனையோ மனைகள் விற்றுத் தீர்ந்தன.

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை அருகில் என்றும் கூடவே போடுவார்கள். அதை மறுக்க ஒன்றுமில்லை. தென்சென்னைப் புறநகரில் அவை இல்லாத இடமே கிடையாது.

அடுத்தது 'அப்ரூவ்டு'. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிடுகிறது. அரசாங்கமே பார்த்துவிட்டது, இனி நமக்கென்ன என்ற நிம்மதி. அரசாங்கம் பார்ப்பது என்ன? சாலை எத்தனை அடி அகலம், பூங்காவுக்கு இடம் விட்டார்களா, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது. தாழ்வான நிலமாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் வழக்கமாக வருகிற நிபந்தனையை வாங்குகிறவர் எவரும் படிப்பதில்லை: நிலத்தை இத்தனை அடி உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அது. உடனே லாரி லாரியாகக் கிராவல் வந்து இறங்குகிறது. நிரம்பிய வாளிக்குள் கல்லைப் போட்டால் தண்ணீர் எங்கே போகுமோ அங்கேதான் மழை நீரும் போகும். பக்கத்தில் இருபது வருடம் முன்பு கட்டிக் குடிவந்தவரின் கூடத்துக்குள் போகும். அவருடைய மனையும் ஒரு காலத்தில் அப்ரூவ்டுதான். ஐந்து வருடம் கழித்து உங்களுக்கு அடுத்து வருகிற மனை இன்னும் இரண்டடி உயரும். அப்போது கூடம் உங்களுடையதாக இருக்கும்.

இன்னொரு வகை ஒப்புதலும் உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு ஆண்டே வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பிரித்து விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேறு வழியில்லை, அந்தத் திட்டத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டியதும் தாளில் முத்திரை விழுந்ததே தவிர நிலம் ஓர் அங்குலம்கூட மேலே வரவில்லை. அந்த முத்திரையைக் காட்டி "பயமே வேண்டாம்" என்று ஒரு தரகர் சொன்னால், அவர் பேசுவது பத்திரத்தைப் பற்றி. மழையைப் பற்றி அல்ல.

இனி அந்த இருபது அடிக்கு வருகிறேன். இந்த விளம்பரத்திலேயே உண்மையான வரி இதுதான். அதனாலேயே எனக்கு இதன்மேல் அதிகக் கோபம். மாதிரிக்கு ஒரு போர் போட்டுக் காட்டுகிறார்கள். மோட்டாரைத் தட்டியதும் தண்ணீர் பீறிடுகிறது, ஒரு டம்ளரில் பிடித்துக் குடிக்கவும் கொடுக்கிறார்கள். இனிக்கத்தான் செய்கிறது. குடும்பத்தலைவி தலையாட்டுகிறார், முன்பணம் கைமாறுகிறது. இருபது அடியில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை. அது ஏரியின் மடி. அல்லது ஏரிக்குக் கீழே மதகு வழியாகப் பாய்ந்த நஞ்சை. ஏரி மேலே நின்று ஊறிக்கொண்டே இருந்ததால் கீழே கிணறு வற்றவில்லை. தண்ணீர் தேங்குவதற்காகவே பல தலைமுறை காத்துவைத்த இடத்தை, தண்ணீர் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லியே வீட்டுமனையாக விற்கிறார்கள்.

இந்தப் பக்கத்து ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. சேலையூர் நிரம்பினால் இராஜகீழ்ப்பாக்கம், அதன் பின் செம்பாக்கம். சிட்லபாக்கத்து உபரியும் செம்பாக்கத்துக்குத்தான். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கலங்கல், ஒவ்வொரு கலங்கலுக்கும் கீழே ஓர் ஓடை. அந்த ஓடைகளில் பல இன்று தெருக்கள். சில இடங்களில் கதவு எண் போட்ட வீடுகள். 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது மகிழ்ந்தோம். அதற்குத் தண்ணீர் போகிற வழியில்தான் இன்னமும் மனை பிரிக்கிறார்கள்.

அந்தச் சுவையான நீர் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியைக் குறுக்கி, மடியில் வீடு கட்டி, வீட்டுக்கு ஒரு போர் போட்டதும் இருபது அடி நூறாகி இருநூறாகிறது. 2019 கோடையில் சென்னையே வறண்டபோது, விளம்பரத்தில் குடிநீர் இனித்த இந்த நகர்களில் தண்ணீர் லாரிக்காக ராத்திரி விழித்திருந்தார்கள். மார்கழி வரை முழங்கால் தண்ணீர், சித்திரையில் லாரித் தண்ணீர். ஒரே வீட்டுக்கு இரண்டு துன்பம், இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

'வெள்ள பாதிப்பு இல்லாத பகுதி' என்ற வரியைச் சுட்டிக்காட்டி 2015 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எல்லாத் தரகர்களிடமும் ஒரே பதில்தான். "அது நூறு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற மழை சார். அதுவும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால வந்தது. இனிமே வராது." இதைக் கேட்டு எத்தனை பேர் சமாதானமாகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அடையாற்றின் போக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி சேர்ந்துதான் அது ஆறாகிறது. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் ஓரம் என்று வந்து திருநீர்மலையைத் தொடுகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் வந்து சேர்வது அந்தத் திருநீர்மலையில். அதற்குப் பிறகுதான் அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே கடுமையாக எழுதியிருக்கிறது. கோட்டூர்புரத்துக்காரரும் சைதாப்பேட்டைக்காரரும் அதைச் சொல்லட்டும், அவர்களுக்கு அந்த நியாயம் உண்டு. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சங்கமத்துக்கு மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தைப் பூட்டியே வைத்திருந்தாலும் இங்கே தண்ணீர் வந்திருக்கும். தாம்பரத்தில் அந்த டிசம்பரில் ஒரே நாளில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதோடு தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்து, ஆறு தன் பழைய அகலத்தைத் தேடி வந்தது. அந்த அகலத்தில் நாம் வீடு கட்டியிருந்தோம்.

அந்த நூறு வருடக் கணக்கும் நிற்காது. 2015 டிசம்பருக்கு முன்பே, அதே ஆண்டு நவம்பர் நடுவில் முடிச்சூர் மூழ்கிவிட்டது. டிசம்பர் முதல் தேதி வந்தது இரண்டாவது அடி. 2020 நவம்பரில் நிவர் புயல், தாம்பரத்தில் 31 சென்டிமீட்டர், மறுபடி தெருவில் படகு. 2021 நவம்பரில் மீண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஒன்பது வருடத்துக்குள் இத்தனை முறை வந்ததை நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்ல எப்படித்தான் நாக்கு வருகிறதோ. ஆற்றை அகலப்படுத்தினார்கள், 'கட் அண்ட் கவர்' என்று மூடுகால்வாய் கட்டினார்கள். அதனால் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். வடிவதற்கு முதலில் வீட்டுக்குள் வந்தாக வேண்டுமே.

இதே பிரசுரத்தில் 'அவுட்டர் ரிங் ரோடு 2 நிமிடம்' என்றும் இருக்கும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகிற அந்தச் சாலை இந்தப் பகுதியில் உயர்ந்த மண் கரைமேல் போகிறது. மேற்கிலிருந்து பரந்து வந்த நீர் இப்போது பாலத்துக் கண்களின் வழியாக மட்டுமே தாண்ட முடியும். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரைக்கு எந்தப் பக்கம் உங்கள் மனை இருக்கிறது என்பதைச் சொல்லாமல், இரண்டு நிமிடம் என்று மட்டும் சொல்வது மோசடி.

சந்தேகமிருந்தால் வீட்டைத் தூக்குகிற வேலையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வரலாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இப்போது இது சாதாரணக் காட்சி. அடித்தளத்தைச் சுற்றி ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் தோண்டியிருப்பார்கள். சுவருக்கு அடியில் செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்து இரும்புச் சட்டத்தைச் செருகி, இரண்டடிக்கு ஒன்றாக ஜாக்கி வைத்திருப்பார்கள். சாதாரண லாரி ஜாக்கிதான். மேஸ்திரி குரல் கொடுத்ததும் இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் கால் திருகு, அரைத் திருகு திருகுவார்கள். ஒரு மூலையில் நீர் நிரப்பிய டியூபைப் பிடித்தபடி ஒருவர் மட்டம் பார்ப்பார். ஏறின இடைவெளியில் செங்கல் வைத்து, ஜாக்கியை மாற்றி வைத்து, மறுபடி திருகுவார்கள். அப்படி மூன்றடி, நான்கடி. சமையலறை டைல்ஸில் விரிசல் விழுகிறதா என்று வீட்டுக்காரர் நொடிக்கொரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். பணி ஓய்வுப் பணம் முழுவதும் அந்தத் திருகுகளில் போய்க்கொண்டிருக்கும். அவரும் ஒரு காலத்தில் அந்த ஐந்து வரியைப் படித்து வந்தவர்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பணமில்லை. அவர் தெருவைவிட மூன்றடி பள்ளத்தில், வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு இருக்கிறார்.

விலை ஏறும் என்கிறார்கள். ஏறட்டும். குடியிருக்க வாங்கிய வீட்டின் விலை ஏறுவதால் மழைக்காலத்தில் மாடிக்கு ஏறுவது மிச்சமாகிவிடாது.

காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-ல் டாக்டர் சௌரி முத்து மருத்துவமனைக்குத் தேர்ந்தெடுத்த ஊர் தாம்பரம். நோயாளியைப் படுக்கவைக்க இடம் தேடியவர் அந்த இடத்தின் இயல்பைப் பார்த்தார். குழந்தைகளோடு காலத்துக்கும் குடியிருக்கப் போகிறவர் அந்த அளவுக்காவது பார்க்கக் கூடாதா? ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் மனை காட்டுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தத் தெருவில் துணி தேய்க்கிறவரையும் பால் போடுகிறவரையும் கேளுங்கள். அவர்களுக்கு விற்க மனை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். ஏரிப் புறம்போக்கும் ஓடைப் புறம்போக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது சர்வே எண்ணோடு அதில் இருக்கிறது. மேலே இருக்கிற ஏரி எது, அதன் கலங்கல் எந்தப் பக்கம், வழிகிற நீர் கீழே எந்த ஏரிக்குப் போக வேண்டும் என்று விசாரித்து, இடையில் உங்கள் மனை வருகிறதா என்று நடந்தே பாருங்கள்.

தனி மனிதர் இத்தனையும் செய்யட்டும் என்று விட்டுவிடுவதும் நியாயமில்லை. மிகச் சிறியவை தவிர மனைப் பிரிவு ஒவ்வொன்றும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை (ரெரா) ஆணையத்தில் பதிவு எண் வாங்கித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை அச்சிட வைக்கலாம்: அருகிலுள்ள ஏரி முழுக் கொள்ளளவை எட்டும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், விற்கிற மனையின் தரைமட்டம் எத்தனை மீட்டர். முதல் எண் நீர்வளத் துறையிடம் இருக்கிறது. இரண்டாவதை ஒரு சர்வேயர் ஒரு காலைப் பொழுதில் அளந்துவிடுவார்.