வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள்... கடிகாரத்தைப் பாருங்கள்!

பேருந்து நிலையம், ரயில் பிளாட்பாரம், ஆபீஸ் கேன்டீன்... எங்கேயாவது ஒருவர் திடீரென்று விழுந்து, கைகால்கள் வெட்டி இழுக்க ஆரம்பித்தால், கூட்டத்திலிருந்து முதலில் வரும் குரல் இதுதான்: "யாராவது சாவி வெச்சிருக்கீங்களா?" ஒருவர் கைகளை அமுக்கிப் பிடிப்பார். இன்னொருவர் வாயில் ஸ்பூனையோ கர்சீப்பையோ திணிப்பார். மற்றொருவர் தண்ணீர் புகட்டப் பார்ப்பார். எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால், இதில் ஒன்றுகூட விழுந்தவருக்கு உதவாது. சில செயல்கள் அவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அப்படியென்றால், சாவி கொடுத்ததும் வலிப்பு நின்றுவிடுகிறதே, எப்படி?

பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து, கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது. வலிப்பு தானாக நிற்கிறது. பெயர் மட்டும் சாவிக்குப் போகிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையின் நரம்பு செல்கள் சிறுசிறு மின் சமிக்ஞைகள் மூலம்தான் பேசிக்கொள்கின்றன. ஒரு பகுதியிலோ, மூளை முழுவதுமோ இந்தச் சமிக்ஞைகள் ஒரே நேரத்தில் கட்டுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. ஒருமுறை வந்துவிட்டால் வலிப்பு நோய் என்று அர்த்தமில்லை. கடும் காய்ச்சலிலும், ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும்கூட வரலாம். இப்படி உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வந்தால், பொதுவாக அதை வலிப்பு நோய் என்கிறார்கள் மருத்துவர்கள்.

எல்லா வலிப்பும் கீழே தள்ளாது. பேசிக்கொண்டிருக்கும் குழந்தை சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் தொடரலாம். 'கிளாஸ்ல கவனமே இல்ல' என்று டீச்சர் திட்டுவது அந்த வலிப்புக்காகவும் இருக்கலாம். சிலர் உதட்டைச் சப்புவார்கள், சட்டை பட்டனை அர்த்தமில்லாமல் பிசைந்துகொண்டிருப்பார்கள். இதுவும் வலிப்பின் ஒரு வகைதான்.

பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை

* மணியைப் பாருங்கள். எப்போது ஆரம்பித்தது என்பது முக்கியம்.
* கண்ணாடி, நாற்காலி, சூடான பொருட்களை அருகிலிருந்து அகற்றுங்கள். தலைக்குக் கீழே மென்மையாக எதையாவது வையுங்கள். கழுத்துப் பட்டன், டை, துப்பட்டாவைத் தளர்த்துங்கள்.
* வெட்டி இழுப்பது குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாது.
* கைகால்களை அமுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். பல் உடையலாம், மூச்சு அடைக்கலாம். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீர் கொடுக்காதீர்கள்.
* 5 நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலோ, காயம் பட்டிருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, இதுவே முதல் முறை என்றாலோ உடனே 108.
* நின்ற பிறகு சிறிது நேரம் குழப்பமாக இருக்கும். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, அவர் தெளியும் வரை கூடவே இருங்கள்.

குணப்படுத்த முடியுமா?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சரியாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அது சொல்கிறது. பலருக்கும் தேவை தினசரி மாத்திரைதான். இரண்டு மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்தியும் கட்டுப்படவில்லை என்றால், அறுவை சிகிச்சை பொருந்துமா என்று பார்ப்பார்கள்.

தடுக்கக்கூடிய காரணங்களும் உண்டு. ஹெல்மெட் இல்லாத விபத்தில் தலையில் படும் அடி ஒன்று. நாடாப்புழு முட்டைகள் உடலுக்குள் போய் மூளையில் நீர்க்கட்டியாகத் தங்குவது இன்னொன்று. அசுத்தமான கைகள், கழுவாத கீரை, காய்கறி வழியாகவும் அந்த முட்டைகள் வரும் என்பதால், சைவம் சாப்பிடுபவர்களும் தப்ப முடியாது.

ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்குப் பெரிய எதிரிகள் தூக்கமின்மை, மது, தவறவிட்ட மாத்திரை. நைட் ஷிஃப்ட்டும் டெட்லைனும் வாழ்க்கையாகிவிட்ட தலைமுறை இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'ரெண்டு வருஷமா வரலையே' என்று தானாக மாத்திரையை நிறுத்துவது மிக ஆபத்தானது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். சோடியம் வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கலாம் என்பதால், அவர் வேறு மருந்துக்கு மாற்றக்கூடும்.

நோயைவிடப் பெரிய சுமை

இது தொற்றாது. சாபமும் இல்லை, பேயும் இல்லை. ஆனாலும் இன்றும் ஹாஸ்டல் ரூமில் மாத்திரையை வைட்டமின் டப்பாவுக்குள் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்டர்வியூவில் சொன்னால் வேலை போய்விடும், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னால் வரன் போய்விடும் என்ற பயம். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாகவே இருந்தது. 1999-ல் நாடாளுமன்றம் அந்த வார்த்தையை நீக்கியது. சட்டம் திருந்தி கால் நூற்றாண்டு ஆகியும் வீடுகள் திருந்தவில்லை.

மறைப்பதால் வரும் இழப்பு வெறும் மனவேதனை மட்டுமல்ல. ரூம்மேட் இருக்கிறார் என்று ஒரு வேளை மாத்திரை தவறும். அதனாலேயே வலிப்பு வரும். வரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது.

தீயணைப்புப் பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கு, வலிப்பு முதலுதவிக்கு அரை மணி நேரம் ஒதுக்குவது பெரிய செலவில்லை. பள்ளி ஆசிரியர்கள், பேருந்து நடத்துநர்கள், காவலர்களின் பயிற்சியிலும் இதைச் சேர்க்கலாம். எச்.ஆர். துறைகள் கேட்க வேண்டிய கேள்வி 'உங்களுக்கு வலிப்பு இருக்கிறதா?' அல்ல, 'நாங்கள் என்ன செய்து கொடுக்க வேண்டும்?' என்பதே. வாகனம் ஓட்டுவது, உயரத்தில் நின்று செய்வது போன்ற சில வேலைகளில் கட்டுப்பாடு நியாயமானது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்யும் வேலையை மறுப்பதற்கு நோயைக் காரணம் காட்டுவது வெறும் பாகுபாடு.

பிபி மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் லஞ்ச் டேபிளில் எல்லோர் முன்னாலும் போட்டுக்கொள்கிறோம். வலிப்பு மாத்திரைக்கும் அந்த மேஜையில் இடம் கிடைக்க வேண்டும்.