இன்னும் எத்தனை மாசம்னு ஒரு கணக்கு

பித்தநாளப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்ச கையோட வீட்டுல இருக்கிறவங்க கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், இன்னும் எவ்வளவு நாள்?" போன வாரம் ஒரு நண்பர் தன் பெரியப்பாவோட ரிப்போர்ட்டை அனுப்பி, "நெட்ல ஏதோ கால்குலேட்டர் இருக்காமே, போட்டுப் பார்த்துச் சொல்லேன்"னு கேட்டார். நான் டாக்டர் இல்லை. புள்ளியியல் கொஞ்சம் படிச்சவன், அவ்வளவுதான். ஆனா அந்த எண்ணைப் பத்தி எனக்கு ஒரு கருத்து உண்டு.

பித்தநாளம்ங்கறது கல்லீரல்ல இருந்து சிறுகுடலுக்குப் பித்தம் வர்ற குழாய். அங்கே கட்டி வந்தா பல பேருக்கு மஞ்சள்காமாலை வந்தப்புறம்தான் தெரியும். அதுக்குள்ள வெட்டி எடுக்க முடியாத அளவுக்குப் போயிருக்கும். எடுக்க முடிஞ்சவங்களுக்கு முக்கியமா மூணு விஷயம் பார்ப்பாங்க: வெட்டின ஓரத்துல புற்றுசெல் மிச்சம் இருக்கா, நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கா, நரம்பு, ரத்தக்குழாய்க்குள்ள ஊடுருவியிருக்கா. இதுக்கெல்லாம் மார்க் போட்டுக் கூட்டி, "3 வருஷம் இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு"ன்னு சொல்ற அட்டவணைக்கு நோமோகிராம்னு பேர்.

இது எவ்வளவு சரி? ரெண்டு நோயாளியைக் காட்டி, யார் அதிக நாள் இருப்பாங்கன்னு கேட்டுப் பார்ப்பாங்க. காசு சுண்டிச் சொன்னாலே 0.5. எப்பவும் சரின்னா 1. இந்த நோய்க்கான நோமோகிராம்கள் பலதும் 0.7 பக்கத்துலதான் நிக்குது. கிளி ஜோசியத்தைவிட எவ்வளவோ மேல் :-) ஆனா பெரியப்பாவோட தேதியை அது சொல்லாது.

பிரிட்டன்ல நடந்து 2019-ல் வெளியான 'பில்கேப்' ஆய்வைப் பாருங்க. பித்தநாளம், பித்தப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன 447 பேர். பாதிப்பேருக்குக் கேபசிடபின் மாத்திரை, மீதிப்பேருக்குக் கண்காணிப்பு மட்டும். கண்காணிப்புல இருந்தவங்களுக்கு இடைநிலை ஆயுள் 36.4 மாசம், மாத்திரை தந்தவங்களுக்கு 51.1. "36 மாசம்"னு கேட்டதும் நாம காலண்டர்ல வட்டம் போட்டுடறோம். ஆனா அதுக்கு அர்த்தம், பாதிப்பேர் அதுக்கு முன்னாடி போனாங்க, பாதிப்பேர் அதைத் தாண்டினாங்க. எவ்வளவு தூரம் தாண்டினாங்கன்னு அந்த எண்ணுல இல்லை. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-ல் வயித்துல வேறொரு புற்றுநோய் வந்தப்போ, இடைநிலை ஆயுள் 8 மாசம்னு படிச்சார். அவர் இறந்தது 2002-ல், அதுவும் இன்னொரு புற்றுநோயால. எல்லாரும் கூல்டு ஆக முடியாது. யார் ஆவாங்கன்னு முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

அப்போ எண்ணே வேண்டாமா? வேணும். முடிவு எடுக்கறதுக்கு வேணும். அந்த முடிவு எடுக்க வேண்டியவர் நோயாளி. நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? ரிப்போர்ட் பையன் கைக்குப் போகும். "அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." ஆனா ஆறு மாசம் மாத்திரை சாப்பிடப் போறது அப்பா. உள்ளங்கை தோல் உரிஞ்சு, வயித்துப்போக்குல கஷ்டப்படப் போறதும் அவர்தான். வீட்டுப் பத்திரத்தை யார் பேருக்கு எழுதறது, பேத்தி கல்யாணத்தை முன்னாடி வைக்கலாமாங்கறதும் அவர் யோசிக்க வேண்டியது. மறைக்கிறது அன்பாலதான், ஒத்துக்கறேன். ஆனாலும் அது அவர்கிட்ட இருந்து அந்த நாட்களைப் பிடுங்கற அன்பு.

அதுக்காக எண்ணை அவர் தலையில போடச் சொல்லலை. "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்க?"ன்னு அவரையே முதல்ல கேளுங்க. வேண்டாம்னா அதுவும் அவர் உரிமை.

டாக்டர்கிட்ட கேட்கிறதையும் மாத்துங்க. "எவ்வளவு நாள்?" வேண்டாம். "இவரை மாதிரி 10 பேர்ல 3 வருஷம் கழிச்சு எத்தனை பேர் இருப்பாங்க? இது எந்த நாட்டு நோயாளிகளை வெச்சுப் போட்ட கணக்கு? இதனால சிகிச்சையில என்ன மாறும்?" வடகிழக்கு தாய்லாந்துல இந்த நோய் பச்சை மீன்ல வர்ற கல்லீரல் புழுவால அதிகம். அங்கே போட்ட கணக்கு இங்கே அப்படியே பொருந்தணும்னு கட்டாயமில்லை.

மூணாவது கேள்விக்கு "ஒண்ணும் மாறாது"ன்னு பதில் வந்தா, அந்தக் கால்குலேட்டரை மூடி வெச்சுட்டு பெரியப்பாகூட உட்கார்ந்து பேசுங்க.