விமானப் புகையும் விறகடுப்பும்

சகோதரிகளே, ஒரு பல்கலைக்கழகம் தான் விடும் புகைக்குக் கணக்கு எழுதுகிறது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் எழுதுகிறார்கள். நம் வீட்டுச் செலவுக் கொப்பி மாதிரித்தான். வளாகத்தில் எரித்த எண்ணெயும் எரிவாயுவும் முதலாம் பக்கம். வெளியிலிருந்து வாங்கிய மின்சாரம் இரண்டாம் பக்கம். மாணவர் வந்துபோகும் பஸ், விமானப் பயணம், குப்பை எல்லாம் மூன்றாம் பக்கம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். இப்படி ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டி வருவதுதான் 'காபன் சுவடு'. முதல் இரண்டையும் பில்லைப் பார்த்தே எழுதிவிடலாம். மூன்றாவதுதான் தலையிடி.

அமெரிக்காவின் வொஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகம், 2020இல் இந்தக் கணக்கைப் பூச்சியமாக்குவதாகச் சொல்லி, 2018இலேயே முடித்துவிட்டதாக அறிவித்தது. கட்டடங்களில் மின்பாவனையைக் குறைத்தார்கள். சூரிய மின்சாரம் வாங்கினார்கள். அதற்குமேல் குறைக்க முடியாத புகைக்கு ஈடாக வேறு இடங்களில் புகையைக் குறைக்கப் பணம் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று, கென்யாவில் விறகைக் குறைவாகத் தின்னும் அடுப்புகள். அங்கே குறைந்த புகை இங்கே கணக்கில் கழியும்.

அடுப்பு கிடைப்பது நல்லதுதான். ஆனால் அந்த அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் ஒழுங்காகக் கேட்டுத்தான் கணக்கு எழுதுகிறார்களா? இத்தகைய அடுப்புத் திட்டங்கள் பலவற்றை ஆராய்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உண்மையில் குறைந்த புகையைப்போல ஏறத்தாழ 9 மடங்கு கணக்கில் காட்டப்பட்டிருப்பதாக 2024இல் எழுதினார்கள். ஒரு காரணம், புது அடுப்பு வந்தால் பழையதை மூட்டுவது நின்றுவிடும் என்று மிகையாக எண்ணிக்கொண்டது. நாலு பேர் கூட வந்தால் பெரிய பானைக்கு மூன்று கல்லைத்தானே தேடுவோம்? இதற்கு ஆராய்ச்சியா வேண்டும்!

நம் நாட்டிலும் இரண்டு பானை வைக்கும் 'அனகி' மண் அடுப்பு உண்டு. விறகு மிச்சம். மிதிவெடி அகற்றி முடியாத காட்டோரங்களுக்கு விறகுக்குப் போகும் நடையும் குறையும். யாராவது அடுப்பும் கையெழுத்துத் தாளுமாக வந்தால் வாங்குங்கள். வாங்குமுன், குறைகிற புகை யாருடைய கணக்கில் சேருகிறது, அடுப்பு வெடித்தால் யார் மாற்றித் தருவார் என்று கேளுங்கள். பிறகு பார்க்க வருகிறவரிடம், பழைய அடுப்பையும் மூட்டுகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.