வண்ணத்துக்கு முன் வயரிங்

பழைய வீட்டைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதிலிருந்தே தொடங்குகின்றனர். தரைக்கு டைல்ஸ், சமையலறைக்குப் புதிய மேடை, சுவர்களுக்குப் புது வண்ணம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கெல்லாம் பணம் ஒதுக்கிய பின்னர், கையில் மிச்சம் இருந்தால் வயரிங்கைக் கவனித்துக்கொள்ளலாம் என்பது பலரது எண்ணம். பாதுகாப்பு நோக்கிலும் சரி, பணக் கணக்கிலும் சரி, இந்த வரிசை தலைகீழானது. வயரிங்தான் முதலில் வர வேண்டும். வண்ணம் கடைசியில் வரலாம்.

இதை மைசூரு வாசகர்களுக்குச் சொல்லத் தனிக் காரணம் உண்டு. காவிரியின் சிவனசமுத்திரத்தில் 1902இல் மின் உற்பத்தி தொடங்கியது. அந்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905இல் பெங்களூரை அடைந்தது. 1908இல் மைசூருக்கு வந்தது. நாட்டில் மிக முன்னதாகவே மின்விளக்கைக் கண்ட நகரங்களுள் மைசூரும் ஒன்று. கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின், 1903இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு வாரியம் அகன்ற தெருக்களோடு புதிய குடியிருப்புகளை உருவாக்கியது. அத்தகைய பழைய பகுதிகளில் இன்றும் சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீடுகள் நிற்கின்றன. தசராவின்போது ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளால் ஒளிரும் அரண்மனையைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் நாம், நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியின் வயதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கம்பிக்கும் மூப்பு உண்டு

அக்காலத்து வீடுகளில் தேக்குச் சட்டத்தின் மீது ரப்பர் உறையிட்ட கம்பிகளை ஓட்டினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் உலர்ந்து வெடித்து, தொட்டாலே உதிரும் நிலையை அடைகிறது. பின்னர் வந்த பல வீடுகளில் விலை குறைவு என்பதற்காக அலுமினியக் கம்பியைப் பயன்படுத்தினார்கள். அலுமினியம் இணைப்புத் திருகின் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு படலம் மின்னோட்டத்தைத் தடுக்கும். இணைப்பு தளர்ந்த இடம் சூடேறும். தீ பெரும்பாலும் இத்தகைய இடத்தில்தான் பிறக்கிறது.

கம்பி மூப்படைந்த அதே காலத்தில் அதன் சுமையும் பெருகியது. 60 வாட் குண்டு விளக்குகள் ஐந்து, மின்விசிறிகள் மூன்று என்றிருந்த வீட்டின் தேவை சுமார் 525 வாட். அதாவது இரண்டரை ஆம்பியருக்கும் குறைவு. இன்று அதே வீட்டில் 2,000 வாட் கெய்சர், 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு, 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி, 1,500 வாட் குளிர்சாதனம் ஆகியவை ஒரே வேளையில் இயங்கினால் தேவை 6,500 வாட். மின்னோட்டம் ஏறத்தாழ 28 ஆம்பியர். ஒரே கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். பழைய பீங்கான் பியூஸ் அடிக்கடி எரிந்து போகிறது என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர்கள், எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டி வைக்கிறார்கள்.

மூன்றாவது குறை எர்த். பல பழைய வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது. இரட்டைத் துளை பிளக்குகளே இருந்தன. சில வீடுகளில் இரும்புக் குடிநீர்க் குழாயோடு எர்த்தை இணைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அக்குழாயை மாற்றி பிளாஸ்டிக் குழாய் போட்ட அன்றே, வீட்டார் அறியாமல், எர்த்தும் அற்றுப்போயிற்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி அண்மை ஆண்டுகளில் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தோர் ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். இவை அனைத்தும் வீடுகளில் நிகழ்ந்தவை அல்ல என்றாலும், அலட்சியமாகக் கடந்து செல்லத்தக்க எண் அன்று.

செலவு எங்கே போகிறது?

வயரிங் செலவு என்றதும் கம்பி, சுவிட்ச், எலெக்ட்ரீஷியன் கூலி ஆகிய மூன்றையே கணக்கிடுகிறோம். பழைய வீட்டில் நான்காவதாக ஒரு பங்கு உண்டு: சுவரைக் கொத்துவது, குழாய் பதிப்பது, மீண்டும் சாந்து பூசுவது, பட்டி இட்டு வண்ணம் அடிப்பது. வண்ணம் பூசிய மறு ஆண்டே வயரிங்கை மாற்ற நேர்ந்தால் இந்த நான்காவது பங்கை இரண்டு முறை செலுத்துகிறோம். வீட்டுக்கு எப்படியும் வண்ணம் அடிக்கப் போகிறோம் என்றால், அதற்கு முன்னர் வயரிங்கை முடிப்பவருக்கு அந்தப் பங்கின் பெரும்பகுதி மிச்சம்.

கம்பியின் விலையைத் தீர்மானிப்பது செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் 90 மீட்டர் சுருள் ஒன்றில் சுமார் இரண்டு கிலோ செம்பு இருக்கிறது. ஒரு பிளக்குக்குப் பத்து மீட்டர் தூரம் என்றால் பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று இழையாக முப்பது மீட்டர் கம்பி செலவாகும். லண்டன் உலோகச் சந்தையில் 2020 மார்ச்சில் டன்னுக்கு 5,000 டாலருக்கும் கீழே இருந்த செம்பு, 2024 மே மாதத்தில் 11,000 டாலரைத் தாண்டியது. விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகள் தந்த விடை இதுதான்.

மைசூரின் பழைய சுவர்கள் பற்றியும் ஒரு சொல். மண்சாந்தும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவரில் கிடைமட்டமாக ஆழமான பள்ளம் வெட்டுவது சுவரையே நலியச் செய்யும். 2012இல் லான்ஸ்டவுன் கட்டடமும் 2016இல் தேவராஜா மார்க்கெட்டும் ஒரு பகுதி இடிந்து விழுந்ததை இந்நகரம் கண்டது. அவற்றுக்கும் வயரிங்குக்கும் தொடர்பில்லை. எனினும் பழங்கட்டுமானத்தில் கை வைக்குமுன் யோசிக்க வேண்டும் என்பதற்கு அவை போதிய நினைவூட்டல். இத்தகைய வீடுகளில் சுவரின் மேலேயே குழாய் ஓட்டுவது அழகில் சற்றுக் குறைந்தாலும், சுவருக்கும் பணப்பைக்கும் நல்லது.

எதில் சிக்கனம் கூடாது?

மதிப்பீடு கைக்கு வந்ததும் எங்கே குறைக்கலாம் என்று தேடுவது இயல்பு. அப்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் எர்த் கம்பியும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுமின் துண்டிப்பானும்தான். கண்ணாடி போல் மின்னும் விலையுயர்ந்த சுவிட்சுகள் மட்டும் பட்டியலில் நிலைத்துவிடுகின்றன. இது நேர்மாறாக இருக்க வேண்டும். சுவிட்சின் அழகைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். சுவருக்குள் போன கம்பியின் தடிமனைக் கூட்ட இயலாது.

விளக்குக்கும் விசிறிக்கும் 1.5, சாதாரண பிளக்குகளுக்கு 2.5, கெய்சருக்கும் குளிர்சாதனத்துக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்பது நல்ல நடைமுறை. ஒவ்வொன்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். சுமை மிகுந்தால் துண்டிப்பது எம்.சி.பி.யின் வேலை, உடல் வழியே மின்சாரம் கசிந்தால் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் வேலை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஆர்.சி.சி.பி. பொருத்திய பின் அது அடிக்கடி விழுந்தால், கருவியைப் பழித்துக் கழற்றிவிடக் கூடாது. வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது என்று அது சொல்கிறது.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பொருள், கூலி, கொத்தனார் வேலை ஆகிய மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். ஒரே விவரப் பட்டியலைக் கொடுத்து, மாநில மின் ஆய்வுத்துறையின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்கள் மூவரிடமேனும் விலை கேளுங்கள். வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெக்கர் கருவியால் காப்புத்தடையைச் சோதித்து, அது ஒரு மெகா ஓமுக்குக் குறையவில்லை என்பதை எழுதி வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பணத்துக்கு வழி

முழுத் தொகையும் கையில் இல்லாதவர்கள், குறிப்பாக ஓய்வூதியத்தில் வாழ்வோர், வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் நல்ல எர்த் குழியும் மெயின் போர்டில் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவையும், இதற்கு வீடு முழுவதையும் கொத்த வேண்டியதில்லை. அடுத்து கெய்சர், அடுப்பு, குளிர்சாதனம் ஆகியவற்றுக்குத் தனித் தனிக் கம்பி. விளக்கும் விசிறியும் இறுதியாக. கர்நாடகத்தில் 2023 முதல் கிருக ஜோதித் திட்டத்தில் 200 யூனிட் வரை கட்டணச் சலுகை பெறும் குடும்பங்கள், அப்படி மிச்சமாகும் பணத்தை ஒரு தொடர் வைப்பில் போட்டு வரலாம். மாதம் 1,000 ரூபாய் என்றால் மூன்று ஆண்டுகளில் 36,000 ரூபாயும் அதற்கு வட்டியும் சேரும். மின்சாரத்தால் மிச்சமானது மின்பாதுகாப்புக்கே செலவாவது பொருத்தந்தானே!

கடன் வாங்குவோர் எந்தக் கடன் என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டரை லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்கு 9 சதவீத வட்டியில் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 5,190 ரூபாய்; மொத்த வட்டி ஏறத்தாழ 61,400 ரூபாய். அதையே 14 சதவீதத் தனிநபர் கடனாகப் பெற்றால் தவணை சுமார் 5,820 ரூபாய். வட்டி 99,000 ரூபாயை எட்டும். இவை கணக்குக்காகக் கொண்ட விகிதங்களே. உங்கள் விகிதத்தைக் கிளையில் கேட்டறிக. மேலும், தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2012இலேயே ஆணையிட்டுள்ளது. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம்.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருக ரக்ஷா பாலிசி தீ விபத்தில் வீட்டுக்கு நேரும் சேதத்தை ஈடு செய்கிறது. ஆனால் மின்கசிவாலோ குறுக்குச்சுற்றாலோ கெட்டுப்போன அந்த மின்பொருளுக்கு மட்டும் இழப்பீடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயின் சேதத்துக்கே உண்டு. எரிந்த கம்பியை மாற்றும் செலவு எப்போதும் நம்முடையதே.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள்

மீட்டர் வரையிலான கம்பிக்கு மின்வாரியம் பொறுப்பு. மீட்டருக்கு அப்பால் உள்ளதற்கு வீட்டுக்காரரே பொறுப்பு. அந்த எல்லைக்கு அப்பால் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய வீட்டை வாங்கக் கடன் தரும்போது வங்கி பத்திரத்தைப் பார்க்கிறது, வில்லங்கத்தைப் பார்க்கிறது, கட்டடத்தின் ஆயுளை மதிப்பிடுகிறது. வயரிங்கின் நிலையையும் ஒரு பக்கச் சோதனை அறிக்கையாகக் கேட்டால் என்ன? வாங்குபவருக்கு அது பேரம் பேச உதவும். தேவையான தொகையை வீட்டுக் கடனோடு சேர்த்துக் குறைந்த வட்டியில் பெறவும் வழி பிறக்கும். வங்கிக்கோ, தான் அடமானமாகக் கொண்ட சொத்து தீயிலிருந்து காக்கப்படும்.

அதுவரை வீட்டுக்காரர் செய்யக்கூடியது எளிது. இந்த ஆண்டு வண்ணம் அடிக்கத் திட்டமிட்டிருந்தால், பெயிண்டரை அழைப்பதற்கு முன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து மெயின் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா, கம்பி செம்பா அலுமினியமா, பியூஸில் இருப்பது என்ன என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். பெயிண்டர் எப்போது வரலாம் என்பதை அந்த விடைகள் சொல்லும்.